பிடிபடாத பரியும் பழக்கிய மனிதரும்

நம் வரலாற்றுப் புதினங்களில் குதிரைகளுக்குக் குறைவில்லை. ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் நமக்கு அறிமுகமாகும்போதே அவனோடு ஒரு குதிரையும் வந்துவிடுகிறது. சாண்டில்யனின் நாயகர்கள் புரவியைத் தட்டிவிட்ட மாத்திரத்தில் அது காற்றாய்ப் பறக்கிறது. ஆனால், அந்தக் குதிரையை முதன்முதலில் அணுகியவர் யார், அது எத்தனை நாள் அவரிடமிருந்து விலகி ஓடியது, எந்த நாளில் ஓடுவதை நிறுத்தி நின்றது என்னும் கேள்விகளைக் கதாசிரியர்களும் எழுப்புவதில்லை; வாசகர்களாகிய நாமும் கேட்பதில்லை. படையெடுப்புகளின் வரலாறு விரிவாக எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் படைகளைச் சுமந்த விலங்கு மனிதனை நம்பத் தொடங்கியது எவ்வாறு என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் சில பக்கங்களைப் புரட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை நினைவிற் கொள்வோம். குதிரை, இரையாகும் விலங்கினத்தைச் சேர்ந்தது. புல்வெளியில் அதன் உயிரைக் காத்தவை கொம்போ கோரைப்பல்லோ அல்ல, ஓட்டமே. அதன் கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் ஏறத்தாழ 350 பாகை அளவுக்குச் சுற்றுப்புறத்தைக் காணவல்லது. நெற்றிக்கு நேர் முன்னால் சிறிதளவும், வாலுக்கு நேர் பின்னால் சிறிதளவும் மட்டுமே அதன் பார்வைக்கு எட்டாதவை. மனிதனோ இரு கண்களும் முன்னோக்கி அமைந்தவன். ஒன்றைப் பிடிக்க வேண்டுமென்றால் அதன் மீது பார்வையை நாட்டி, நேர்க்கோட்டில் நடந்து, கையை நீட்டுவது அவன் இயல்பு. குதிரையின் கண்ணுக்கு இது வேட்டை விலங்கின் நடையாகவே தோன்றும். மேய்ச்சல் நிலத்தில் கயிற்றை எடுத்துக்கொண்டு நெருங்குபவரைக் கண்டதும் குதிரை திரும்பி ஓடுவது பிடிவாதத்தினால் அன்று. தன் முன்னோரைக் காத்த அறிவை அது பின்பற்றுகிறது.

துரத்துவதால் பயனில்லை. இரண்டு கால் கொண்டவன் நான்கு கால் கொண்டதை ஓடிப் பிடிக்க முடியாது என்பது மட்டும் காரணமன்று. ஒவ்வொரு முறை ஓடித் தப்பும்போதும், ஓட்டம் பலனளிக்கிறது என்ற பாடத்தைக் குதிரை கற்றுக்கொள்கிறது. மூலையில் மடக்கிப் பிடித்தாலோ, மனிதன் அருகில் வந்தால் அச்சமும் அதன்பின் சுமையும் வரும் என்ற இன்னொரு பாடத்தைக் கற்றுக்கொள்கிறது. இரண்டு பாடங்களும் மறுநாள் அதைப் பிடிப்பதை மேலும் கடினமாக்குகின்றன.

பாண்டிய நாட்டுக் குதிரைகள்

இந்தப் பாடத்தை அறியாததற்குக் கொடுத்த விலை என்ன என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுத் துறைமுகங்களில் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்திறங்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், ஆண்டுதோறும் 10,000 குதிரைகள் இப்பகுதிக்கும் அண்டைத் துறைமுகங்களுக்கும் அனுப்பப்பட்டதாகவும், ஒரு குதிரையின் விலை 220 தினார் என்றும் எழுதிவைத்திருக்கிறார். வழியில் கடலில் இறந்துபோன குதிரைகளுக்கும் விலை கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். எத்தனை பொற்காசுகள் கடல் கடந்து சென்றிருக்கும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

அதே காலகட்டத்தில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னரும் அவருடைய சகோதரர்களும் ஆளுக்கு ஈராயிரம் குதிரைகளுக்கு மேல் வாங்கியதாகவும், ஆண்டு முடிவதற்குள் அவற்றில் நூறுகூட உயிரோடு எஞ்சியிருக்கவில்லை என்றும் கூறுகிறார். குதிரைகளைப் பேணத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை என்பதும், அவ்வாறு தெரிந்தவர்கள் எவரும் இங்கே வந்துவிடாதபடி வணிகர்கள் பார்த்துக்கொண்டார்கள் என்பதும் அவர் கூறும் காரணங்கள். குதிரை இறந்தால்தானே அடுத்த ஆண்டும் வாணிகம் நடக்கும்!

வஸ்ஸாஃப் கூறும் செய்திதான் நம் கட்டுரைக்கு நேரடியாகத் தொடர்புடையது. வந்திறங்கிய குதிரைகளை இலாயத்தில் முளையடித்துக் கயிற்றால் நாற்பது நாட்கள் கட்டிவைத்துக் கொழுக்க வைத்தார்களாம். வறுத்த தானியமும், வெண்ணெய் கலந்த உணவும், காய்ச்சிய பாலும் அவற்றுக்குத் தரப்பட்டனவாம். பிறகு எவ்விதப் பயிற்சியும் அளிக்காமல், அங்கவடி முதலான சாதனங்களும் இல்லாமல், வீரர்கள் பேய்களைப் போல ஏறிச் செலுத்தினார்களாம். சிறிது காலத்திலேயே வலிமைமிக்க குதிரைகள் சோர்ந்து பயனற்றுப் போயின என்கிறார்.

இவை அயலார் கூற்றுகள், மிகைப்படுத்தல் இருக்கக்கூடும். வெப்பமும் ஈரமும் நிறைந்த கடற்கரைத் தட்பவெப்பமும் ஒரு காரணமாய் இருந்திருக்கும். வடமொழியில் சாலிஹோத்திரர் பெயராலும் நகுலன் பெயராலும் அசுவ சாத்திரங்கள் வழங்கி வந்த நாடு இது. ஆகவே குதிரையறிவே இங்கு இல்லை என்று முடிவு கட்டிவிட இயலாது. எனினும் வஸ்ஸாஃபின் அந்தச் சித்திரத்தில் ஓர் உண்மை இருக்கிறது. பாலும் வெண்ணெயும் ஊட்டியவர்கள் குதிரையை வெறுத்தவர்கள் அல்லர். விலை கொடுத்தார்கள், உணவு கொடுத்தார்கள். கட்டப்பட்டிருந்த அந்த நாற்பது நாட்களில் குதிரைக்கும் மனிதனுக்கும் இடையே அறிமுகம் ஒன்று நிகழவேண்டும் என்பது மட்டும் தோன்றவில்லை.

ஏதென்ஸ் நகரத்து வீரர்

அந்த அறிமுகத்தைப் பற்றி, மார்க்கோ போலோவுக்கு ஏறத்தாழ 1,600 ஆண்டுகள் முன்னரே ஒருவர் எழுதி வைத்திருந்தார். சாக்ரடீசின் மாணவரும் போர்த்தளபதியுமான செனஃபோன், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் குறித்து ஒரு சிறு நூல் இயற்றினார். முழுமையாக நமக்குக் கிடைத்துள்ள கிரேக்கக் குதிரை நூல்களில் மிகப் பழையது அதுவே. தமக்கு முன்னர் சைமன் என்பவர் இப்பொருள் பற்றி எழுதியிருப்பதைச் செனஃபோன் நன்றியோடு குறிப்பிடுகிறார்.

கோபத்தோடு குதிரையை ஒருபோதும் அணுகலாகாது என்பது அவருடைய தலையாய விதி. கோபத்துக்கு முன்யோசனை கிடையாது, பின்னால் வருந்த நேரும் என்பது அவர் காட்டும் காரணம். குதிரை ஏதேனும் ஒரு பொருளைக் கண்டு மிரண்டால் அடிக்கக்கூடாது. அப்பொருள் அஞ்சத்தக்கதன்று என்பதை மெல்ல அருகே அழைத்துச் சென்று உணர்த்த வேண்டும். அடித்தால், அஞ்சிய பொருளோடு வலியும் சேர்ந்துகொள்ளும். அப்பொருள்தான் வலியைத் தந்தது என்று குதிரை எண்ணிக்கொள்ளும். வற்புறுத்தலால் செய்யும் செயலில் குதிரைக்குப் புரிதல் இராது. நடனமாடுபவரைச் சாட்டையால் அடித்து ஆடவைத்தால் அழகு பிறக்காதது போலத்தான் அதுவும் என்கிறார்.

குட்டியை மனிதனோடு பழக்குவதற்கு அவர் சொல்லும் வழி இன்னும் நுட்பமானது. பசியும் தாகமும் ஈக்களின் தொல்லையும் தனிமையோடு சேர்ந்து வரவேண்டும். உணவும் நீரும் தொல்லையிலிருந்து விடுதலையும் மனிதனோடு சேர்ந்து வரவேண்டும். அப்போது குட்டி மனிதனை விரும்புவதோடு, அவன் இல்லாதபோது தேடவும் தொடங்கும். எந்த இடங்களைத் தடவினால் குதிரை மகிழுமோ அங்கே தடவ வேண்டும். தன்னால் எட்டிச் சொறிந்துகொள்ள இயலாத இடங்களே அவை. மேய்ச்சல் நிலத்தில் எட்டி எட்டி ஓடும் குதிரையை வைத்திருப்பவருக்கு, இதைவிடச் சிறந்த அறிவுரையை இன்றும் சொல்ல முடியாது.

செனஃபோன் மறைந்து சில ஆண்டுகளில் மாசிடோனியாவில் நடந்ததாகப் புளூட்டார்க் எழுதிய கதையை வாசகர்கள் அறிவர். தெசலியைச் சேர்ந்த ஃபிலோனைகஸ் 13 தாலந்து விலைக்கு ஒரு குதிரையைக் கொண்டுவந்தான். எவரையும் அருகே விடாத குதிரை அது. அதைத் திருப்பி அனுப்பிவிட மன்னர் ஃபிலிப் முனைந்தபோது, சிறுவனாயிருந்த அலெக்சாந்தர் தடுத்தான். தரையில் அசையும் தன் நிழலைக் கண்டே குதிரை மிரள்கிறது என்பது அவன் கண்ணுக்குப் பட்டது. அதைக் கதிரவனை நோக்கித் திருப்பினான், தடவிக்கொடுத்தான், கூடவே சிறிது தூரம் ஓடினான், தன் மேலாடையை ஓசையின்றி நழுவவிட்டு ஏறி அமர்ந்தான். அடிக்கவுமில்லை, கடிவாளத்தை வெட்டி இழுக்கவுமில்லை. நிகழ்ச்சிக்கு நான்கு நூற்றாண்டுகள் கழித்து எழுதியவர் புளூட்டார்க். எனவே, ஒவ்வொரு விவரத்தையும் வரலாறாகக் கொள்ளத் தேவையில்லை. ஆனால் கதை பாராட்டுவது சிறுவனின் வலிமையை அன்று. பிறர் குதிரையின் முரட்டுத்தனத்தைக் கண்ட இடத்தில் அவன் அதன் அச்சத்தைக் கண்டான் என்பதையே. பூசிஃபலஸ் என்னும் அக்குதிரை, கி.மு. 326இல் போரஸ் மன்னனோடு நடந்த போரையொட்டி நம் துணைக்கண்டத்து மண்ணில் இறந்தது. அதன் பெயரால் ஒரு நகரையே அலெக்சாந்தர் நிறுவினான்.

இரகசியமும் ஆறு பென்சுப் புத்தகமும்

செனஃபோனின் அறிவுரை ஏடுகளில் உறங்கியது. ஐரோப்பாவின் இலாயங்களிலோ நூற்றாண்டுகளாகச் சாட்டையும் முள்ளும் ஆட்சி செய்தன. குதிரையை வசப்படுத்தும் ஆற்றல், ஒருசிலருக்கு மட்டுமே வாய்த்த மந்திரம் என்று மக்கள் நம்பினர். அயர்லாந்தின் கார்க் பகுதியில் வாழ்ந்த சலிவன் என்பவர் குதிரையின் காதில் ஏதோ முணுமுணுப்பார் என்று பேசிக்கொண்டார்கள். அவருக்குக் 'கிசுகிசுப்பவர்' என்ற பட்டப்பெயரே ஏற்பட்டது. 1804இல் கர்ரா பந்தயத் திடலில் எவருக்கும் அடங்காத கிங் பிப்பின் என்னும் குதிரையோடு ஓர் இரவு தனியே அடைபட்டிருந்து, மறுநாள் காலையில் அதைச் சாதுவாக வெளியே அழைத்துவந்தார் என்பது அவரைப் பற்றிய புகழ்பெற்ற செய்தி. உள்ளே என்ன நடந்தது என்பதை அவர் வெளியிடவே இல்லை.

மந்திரத் திரையை விலக்கியவர் ஓர் அமெரிக்கர். ஒஹாயோ மாநிலத்துக் குரோவ்போர்ட்டில் 1827இல் பிறந்த ஜான் சாலமன் ரேரி, தம் முறையை விளக்கி 1850களில் ஒரு சிறு நூலை வெளியிட்டார். 1857இன் இறுதியில் இங்கிலாந்து சென்று, 1858இல் விண்ட்சரில் விக்டோரியா அரசியின் முன்னிலையில் குதிரைகளைப் பழக்கிக் காட்டினார். பிறகு பத்து கினி கட்டணமும் இரகசியம் காப்பதாக உறுதிமொழியும் பெற்றுக்கொண்டு, பெருங்குடி மக்களுக்கு வகுப்புகள் நடத்தினார்.

அவருடைய புகழை உச்சிக்குக் கொண்டுசென்றது குரூசர் என்னும் பொலிகுதிரை. டார்செஸ்டர் பிரபுவுக்குச் சொந்தமான உயர்குலப் பந்தயக் குதிரை அது. மனிதர் எவரையும் நெருங்கவிடாது. கடித்துக் குதறப் பாயும். அதன் வாயில் இரும்புக் கூண்டு பூட்டிவைத்திருந்தார்கள். தீனி வைப்பதும் தண்ணீர் காட்டுவதுமே பெரும்பாடாக இருந்தன. 1858 ஏப்ரலில் ரேரி அதனிடம் சென்றார். சுமார் மூன்று மணி நேரத்தில் குரூசர் மீது அவர் ஏறி அமர்ந்தார். அதன் உரிமையாளரும் ஏறினார். வாய்க் கூண்டு கழன்றது. ரேரி அக்குதிரையை இலண்டனுக்கு அழைத்துவந்து காட்சிகளில் நிறுத்தினார். பின்னர் தம்மோடு ஒஹாயோவுக்கே கொண்டுசென்றார். 1866இல், நாற்பது வயது நிரம்பும் முன்னரே ரேரி காலமானார். அவருக்குப் பின் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்த குரூசர் 1875இல் இறந்தது.

இரகசியம் என்ன ஆயிற்று? இலண்டனில் உறுதிமொழி வாங்கிக்கொண்டிருந்தபோதே, ரேரியின் அமெரிக்க நூலை ரௌட்லெட்ஜ் பதிப்பகம் ஆறு பென்சு விலையில் அச்சிட்டுக் கடைகளுக்கு அனுப்பிவிட்டது! பத்து கினி கொடுத்தவர்களின் முகம் எவ்வாறு இருந்திருக்கும் என்பதை நாம் கற்பனை செய்துகொள்ளலாம். வேறு வழியின்றி ரேரியும் அவர்களை உறுதிமொழியிலிருந்து விடுவித்தார். திறந்து பார்த்தால் உள்ளே மந்திரமும் இல்லை, மூலிகையும் இல்லை. தன்னிடம் என்ன கேட்கப்படுகிறது என்று முழுமையாகப் புரிந்துகொண்டால் குதிரை எதிர்க்காது. அனுபவத்தால் அறிந்துகொண்டதற்கு மேல் தன் வலிமையை அது அறியாது. வலி தராத எப்பொருளையும், தன் முறைப்படி கண்டும் முகர்ந்தும் தொட்டும் ஆராய விட்டால், அதற்கு அது அஞ்சாது. இந்த மூன்று கொள்கைகளே ரேரியின் மூலதனம்.

மேய்ச்சல் நிலத்தில் திரியும் குட்டியைக் கொண்டுவருவது பற்றி அந்நூல் தரும் விளக்கம் எளியது. மந்தையைச் சுற்றித் தொலைவில், அமைதியாக நடக்க வேண்டும். கையை உயர்த்தலாகாது, கூச்சலிடலாகாது, ஓடத் தூண்டும் எதையும் செய்யலாகாது. இலாயத்துக்குள் முதலில் பழகிய குதிரை ஒன்றை அழைத்துச் சென்று கட்டிவிட வேண்டும். தன் இனத்தைக் கண்ட குட்டி, கதவருகே தயங்கி நின்று, தரையை முகர்ந்து, தானாகவே உள்ளே நுழையும். அவசரப்பட்டு ஒரு முறை விரட்டினால், பெற்றதைவிட இழப்பதே மிகுதி. பிடிபடாத குதிரையைப் பிடிப்பதற்கு முதல் வழி, அதைப் பிடிக்க முயல்வதை நிறுத்துவதுதான் என்பதை ரேரி விளங்கிக்கொண்டிருந்தார்.

பணிவா, நம்பிக்கையா?

இவ்வளவோடு கட்டுரையை முடித்துக்கொண்டால் ரேரியை ஒரு மகானாக்கி அனுப்பிவிடலாம். ஆனால் அவருடைய காட்சியின் உச்சகட்டம் வேறொன்று. மிகவும் முரண்டு பிடிக்கும் குதிரையின் முன்னங்கால் ஒன்றை மடக்கி வாரால் கட்டுவார். மூன்று காலில் நிற்கும் குதிரையின் மற்றொரு முன்னங்காலையும் வாரால் இழுத்து, அது போராடிக் களைத்து மண்டியிட்டுப் படுக்கும்வரை காத்திருப்பார். படுத்தபின் அடிப்பதில்லை, உடலெங்கும் தடவிக்கொடுப்பார், அருகே அமர்வார், மேலே சாய்வார். எழுந்து நிற்கும் குதிரை அவருக்குப் பணிந்து நடக்கும். குரூசருக்கும் இதே முறைதான் கையாளப்பட்டது.

சாட்டையும் முள்ளும் ஆண்ட காலத்தில் இது பெருங்கருணை, ஐயமில்லை. இருந்தாலும், படுத்துக்கிடந்த அந்த விலங்கின் உள்ளத்தில் நிகழ்ந்தது என்ன? 1967இல் அமெரிக்க உளவியலாளர்கள் செலிக்மனும் மையரும், தப்பவே முடியாத துன்பத்துக்கு ஆளான நாய்கள் பின்னர்த் தப்ப வழியிருந்தும் முயலாமல் கிடந்ததைக் காட்டினார்கள். எதிர்ப்பு நின்றுவிட்டது என்பதனாலேயே நம்பிக்கை பிறந்துவிட்டது என்று கொள்ளலாகாது என்ற எச்சரிக்கை அதில் இருக்கிறது. குரூசரின் அமைதியில் எவ்வளவு பங்கு நம்பிக்கை, எவ்வளவு பங்கு கைவிடல் என்று இன்று பிரித்தறிய வழியில்லை. கால் கட்டியதன் பயனைவிட, அதன்பின் ஆண்டுக்கணக்கில் ரேரி அன்றாடம் காட்டிய மென்மையின் பயனே பெரிது என்று கருதவே நம் மனம் விழைகிறது. ஆனால் அது நம் விருப்பம்; சான்று அன்று.

ரேரிக்குப் பின் வந்தவர்களையும் இக்கேள்வி விடாமல் தொடர்ந்தது. அமெரிக்க மேற்குப் பகுதியைச் சேர்ந்த டாம் டோரன்ஸ் (1910–2003), ரே ஹன்ட் (1929–2009) ஆகியோர் கட்டுவதையும் வீழ்த்துவதையும் விடுத்து, குதிரை சரியான திசையில் எண்ணத் தொடங்கிய கணமே அழுத்தத்தை விலக்கிக்கொள்ளும் முறையைப் பரப்பினர். விலகிச் செல்லும் குதிரை ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்தால், மனிதன் ஓரடி பின்வாங்க வேண்டும். பார்த்ததற்கு அதுவே பரிசு. 1989இல் மான்ட்டி ராபர்ட்ஸ், ரேரி நின்ற அதே விண்ட்சரில், இரண்டாம் எலிசபெத் அரசியின் முன்னிலையில் வட்டவடிவத் தொழுவத்தில் பழகாத குதிரைகளைப் பழக்கிக் காட்டினார். முதலில் குதிரையை விலகி ஓடவிட்டு, பின் பார்வையைத் தாழ்த்தி, தோளைத் திருப்பி நின்றால் அது தானே வந்து அருகில் நிற்கும் என்பது அவர் முறை. வெளியேற வழியில்லாத வட்டத்துக்குள் ஓடவைப்பதும் ஒருவகை வற்புறுத்தலே என்று வாதிடுவோரும் உளர். அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

குதிரை நம்மை எவ்வளவு கூர்ந்து நோக்குகிறது என்பதற்கு இன்னொரு சான்று, பெர்லின் நகரத்து ஹான்ஸ். கணக்குப் போடும் குதிரை என்று 1904இல் உலகை வியக்க வைத்த அது, குளம்பால் தட்டி விடை சொன்னது. 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் தம் ஆய்வை வெளியிட்டபோது உண்மை புலனாயிற்று. சரியான எண்ணிக்கை வந்ததும் கேள்வி கேட்டவரின் தலை தம்மையறியாமல் மிகச் சிறிதளவு அசைந்தது. அதைக் கண்டே ஹான்ஸ் தட்டுவதை நிறுத்தியது. குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்று பலர் ஏமாந்துபோனார்கள். நாம் வியக்கவேண்டியது வேறு. தன் அசைவை மனிதனே அறியாதபோது குதிரை அறிந்திருந்தது! பின்னால் மறைத்த கயிறும் உள்ளே அடக்கிய சினமும் அதற்குத் தெரியாது என்று எண்ணுவது நம் பேதைமை. 2010இல் வெளியான ஓர் ஆய்வு, தீனி பரிசளித்துப் பழக்கப்பட்ட குதிரைகள் மாதங்கள் கழிந்தபின்னும் மனிதர்களை விரும்பி அணுகியதைக் கண்டது. செனஃபோன் சொன்னதும் ஏறத்தாழ அதுவே.

தமிழில் 'அடக்குதல்' என்றொரு சொல்லும் 'பழக்குதல்' என்றொரு சொல்லும் உள்ளன. இரண்டையும் குதிரைக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். ஆனால் பழக்குதல், 'பழகு' என்பதன் பிறவினை. அண்டை வீட்டாரோடு பழகுகிறோம், நண்பரோடு பழகுகிறோம். இருவரும் இல்லாமல் பழக்கம் என்பது இல்லை. ஒருவர் மட்டும் பழக முடியாது. அடக்கியதை நாள்தோறும் அடக்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். பழகியதோ, கயிற்றைக் கண்டும் நின்ற இடத்திலேயே நிற்கும்; சில நாள் எதிர்கொண்டும் வரும்.

திருவரங்கத்துச் சேஷகிரிராயர் மண்டபத்தில் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் கற்குதிரைகளைக் கண்டு வியவாதார் இல்லை. நம் கிராமத்து எல்லைகளில் ஐயனார் கோயிலின் முன் வேளார் வனைந்து நிறுத்திய மண்குதிரைகளோ பாய்வதில்லை. கட்டுத்தறியும் முளையும் இல்லாமல், ஏறுபவருக்காகக் காத்து நிற்கின்றன. 220 தினார் கொடுத்து வாங்கிய குதிரையை முளையில் கட்டிவைத்த நாற்பது நாட்களில், ஒவ்வொரு மாலையும் ஒருவர் சென்று, எதையும் கேட்காமல், அதன் தோளருகே சிறிது நேரம் நின்றுவிட்டு வந்திருந்தால் போதும். அந்தக் குதிரைகளில் இன்னும் சில ஆண்டு முடிவைக் கண்டிருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது.